எண்பதிலேயே போகிறேன்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நான் எண்பதுக்கு மேல் போவதில்லை. சாலை காலியாகக் கிடந்தாலும் அவ்வளவுதான், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டாலும் அவ்வளவுதான். இடது லேனில் போவேன். முன்னால் லாரி ஊர்ந்தால் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வலதுபக்கம் ஏறித் தாண்டிவிட்டு மறுபடி இடதுக்கே வந்துவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. டிரைவிங் ஸ்கூலில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் இதற்காக எங்கள் குடும்பத்தில் எனக்கு இரண்டு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பயந்தாங்கொள்ளி. இன்னொன்று திமிர் பிடித்தவள். ஒரே ஆளுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தொடங்கியது ஒரு காதுகுத்து அன்று. என் கணவருடைய தங்கையின் குழந்தைக்குத் திருவாமாத்தூர் கோயிலில் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேரும் திண்டிவனத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய பெரிய வெள்ளைக் காரில் எல்லாரும் கிளம்பினோம். அவர் ஓட்டினார், பக்கத்தில் என் கணவர். பின்னால் மாமியார், ஓரகத்தி, நான்.

மாமா மோசமான மனிதர் இல்லை. என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்றவர் அவர்தான். வீட்டில் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் நான்குவழிச் சாலையில் அவருக்கு முன்னால் ஒரு வண்டி போகக் கூடாது. போனால் அது அவரை அவமானப்படுத்துவதற்காகவே போகிறது என்று நினைப்பார். அதன் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வார். அன்று ஒரு ஆம்னி பஸ்ஸுக்குப் பின்னால் அப்படி ஒட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸின் பின்கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் யாரோ விரலால் வரைந்திருந்த பூவின் இதழ்கள்கூடத் தெரிந்தன. வேகமானியில் நூற்றுப் பத்து. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார், ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பஸ் சைடு கொடுத்ததும் நூற்று முப்பதைத் தாண்டி, அடுத்த வண்டியின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்.

நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன், மாமா, நேரம் இருக்கிறதே என்று. அவர் சிரித்தார். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள் என்றார். என் கணவரும் சிரித்தார். ஓரகத்தி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மாமியார் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. வலதுபக்க லாரி வழிவிடவில்லை. மாமா காத்திருக்கவில்லை. இடதுபக்கமாக, சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டையும் தாண்டி, மண்ணில் பாதிச் சக்கரம் ஏற வண்டியை உள்ளே செலுத்தினார். அங்கே ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் வேட்டி கட்டிய ஆள். பின்னால் ஒரு பெண், மடியில் புல்லுக்கட்டு. எங்கள் வண்டி அவர்களைத் தொடவில்லை. ஆனால் எங்கள் கண்ணாடிக்கும் அந்தப் பெண்ணின் முழங்காலுக்கும் நடுவில் என் கை நுழைந்திருக்காது. நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. புல்லுக்கட்டை இறுக்கிக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று என்னையே கேட்பதுபோலப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தேன். மொபெட் மண்ணில் இறங்கித் தள்ளாடி நின்றுவிட்டது. இருவரும் கீழே விழவில்லை.

வண்டியை நிறுத்துங்கள் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன். நான்குவழிச் சாலையில் நடுவழியில் எப்படி நிறுத்துவது என்று மாமா கேட்டார். அது நியாயம்தான். அதனால் டோல்கேட் வரும்வரை காத்திருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நின்றிருந்தது. அந்தச் சாலையில் அவர் நிற்கிற ஒரே இடம் அது. வண்டி நின்றதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன்.

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. பூத்துக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்து, இங்கெல்லாம் இறங்கக் கூடாது அக்கா என்றாள். என் கணவர் கண்ணாடியை இறக்கினார். "ஏய், இன்னா பண்ற நீ? ஏறு வண்டில" என்றார். நான் பஸ்ஸில் வருகிறேன், நீங்களும் இறங்குவதானால் இறங்குங்கள் என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. வண்டி போய்விட்டது, அவரும் அதில்தான் போனார்.

டோல்கேட்டின் ஓரமாக நடந்து வெளியே வந்து, சாலையோரம் நின்றேன். பட்டுப்புடவையில் ஒரு பெண் அங்கே தனியாக நிற்பதை, போகிற வண்டிகளிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள். கைகாட்டியதும் ஒரு அரசுப் பேருந்து நின்றது. விழுப்புரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனபோது காது குத்தி முடித்து, குழந்தை அழுதும் முடித்து, சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் வருவதற்குள் சொல்லி முடித்திருந்தார்கள்.

திரும்பும்போதும் பஸ்ஸில்தான் வந்தேன். என் கணவர் இந்த முறை என்னோடு வந்தார், ஆனால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் ஒரே பேச்சுதான். அண்ணனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, அவ்வளவுதான், முடிந்துவிடும் என்று என் கணவர் காலையிலும் சொல்வார், சாப்பிடும்போதும் சொல்வார். நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். அவரை நான் திட்டவில்லை. அவர் ஓட்டும் வண்டியில் உட்கார மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். என் உடம்பை எங்கே உட்கார வைப்பது என்று நான் முடிவு செய்யக்கூடாதா? நாலு பேருக்கு முன்னால் நடுவழியில் இறங்கிப் போனது மரியாதையா என்ற கேள்விதான் வரும்.

ஒருநாள் மாமாவே வீட்டுக்கு வந்தார். சமாதானமாகத்தான் பேசினார். இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், என் வண்டியில் ஒரு கீறல் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அன்று காலை அவர் கடை வாசலில் நான் கேட்ட ஒன்று என் மனதில் இருந்தது. டைல்ஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பிய டிரைவரிடம், முன்னால் போகிற வண்டியிலிருந்து தள்ளியே போ, திடீர் பிரேக் போட்டால் பெட்டி பெட்டியாக உடையும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன்.

"டைல்ஸ் ஏத்தினா தள்ளிப் போவச் சொல்றீங்க மாமா. எங்கள ஏத்தினா மட்டும் ஒட்டிக்கினு போறீங்க."

அவர் முகம் சுருங்கியது. என் கணவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு அந்தச் சமாதானம் முடிந்தது.

விசேஷங்களுக்கு எல்லாரும் காரில் போவார்கள், நான் பஸ்ஸில் போவேன். போய்ச் சேர்ந்ததும் யாராவது ஒருவர், பஸ்காரம்மா வந்தாச்சு, இனிமேல் தாலி கட்டலாம் என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்காருவேன், ஆனால் அடுத்த விசேஷத்துக்கும் பஸ்ஸில்தான் போவேன். அவர்கள் எல்லாரும் உள்ளூர ஒன்றை எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். என்றைக்காவது மாமாவின் வண்டி எங்காவது மோதினால் என் பக்கம் நியாயம் இருந்தது என்று ஆகும். மோதாதவரை இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அவர் வண்டியில் கீறல் இல்லாததற்குக் காரணம், மண்ணில் இறங்கியவர்களும் பதறி பிரேக் மிதித்தவர்களும் வேறு யாரோ என்பதுதான். அவர்கள் வந்து அவரிடம் கணக்குச் சொல்லப்போவதில்லை. விபத்து நடந்தால்தான் என் பேச்சு செல்லும் என்றால், அந்தச் செல்வாக்கு எனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

நான் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். என் அம்மா வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம். மாதத்தில் இரண்டு மூன்று முறை போய்வர பஸ் மாறி மாறிப் போவது பெரிய பேஜாராக இருந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோது என் கணவர் தடுக்கவில்லை. தானாகவே அடங்கிவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். லைசென்ஸ் வாங்கியதும், பழைய சின்ன வண்டி ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கினோம்.

ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்தச் சாலையில் மெதுவாகப் போவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் இடம் விடுவேன். உடனே அந்த இடத்தில் ஒருவன் வந்து புகுந்துகொள்வான். காலைத் தளர்த்தி மறுபடி இடம் விடுவேன். இன்னொருவன் வருவான். பக்கத்து சீட்டில் என் கணவர் துடிப்பார். எல்லாரும் நம்மைத் தாண்டிப் போகிறார்கள் என்பார். போகட்டும் என்பேன். தாண்டிப் போகிறவர்களில் பலர் தாண்டும்போது தலையைத் திருப்பி யார் ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பார்கள். பெண் என்று தெரிந்ததும், தாங்கள் நினைத்தது சரிதான் என்பதுபோல ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்பை ஆரம்பத்தில் தாங்க முடியாது. ஆக்சிலரேட்டரை மிதித்துத் துரத்திப் போய்க் காட்ட வேண்டும்போல இருக்கும். காட்டியதில்லை. காட்டினால் அவர்கள் ஓட்டுவதுபோல நானும் ஓட்டுகிறேன் என்றாகும், அதற்காகவா இத்தனை பேச்சு வாங்கினேன்?

பின்னால் வந்து ஒட்டுகிறவர்களிடம் இன்னும் கஷ்டம். கண்ணாடி முழுக்க அவர்களுடைய பம்பர்தான் தெரியும். முதுகு கூசும். கால் தானாகவே அழுத்தப் பார்க்கும். அதை அழுத்தாமல் வைத்திருக்க எனக்கு மாதக்கணக்கில் பிடித்தது.

என் வண்டியில் முதலில் வந்து ஏறியது மாமியார். நான் கூப்பிடவில்லை. ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பியபோது, பெரியவன் வண்டி உயரம், கால்மூட்டு வலிக்கிறது, ஏற முடியவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு என் வண்டிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மூட்டு வலி உண்மைதான், ஆனால் அது பல வருஷமாக இருக்கிறது. தெரு திரும்பியதும் அவர் குரலைத் தாழ்த்தி, "அவன் வண்டில குந்தினா எறங்கற வரைக்கும் சாமியக் கும்புட்டுக்கினே வரேன். பெத்தவ எப்பிடி அத வாய விட்டுச் சொல்லுவேன்?" என்றார். அதற்குப் பிறகு மூட்டு வலி நிரந்தரமாகிவிட்டது.

போன தை மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். மாமாவின் வண்டிக்கு முன்பே நாங்கள் மூவரும் கிளம்பிவிட்டோம். கரும்பு வெட்டு நேரம். விக்கிரவாண்டிக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டரும், அதற்கு முன்னால் இரண்டு லாரிகளும் வரிசையாக இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தன. வலதுபக்கம் ஏறி அவற்றைத் தாண்டத் தொடங்கினேன். டிராக்டரைத் தாண்டியபோது கண்ணாடியில் ஒரு வெள்ளை வண்டி பெரிதாகிக்கொண்டே வந்து என் பின்னால் ஒட்டியது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஹாரன்.

மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, பெரியவன் என்றார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன், சைடு கொடுத்துவிடு என்றார். இடதுபக்கம் லாரி. வலதுபக்கம் நடுத்திட்டு, அரளிச்செடி. எங்கே கொடுப்பது? இரண்டு லாரிகளுக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளியில் நான் செருகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த விளக்குக்கு அர்த்தம். முடியாது என்றேன். லாரிகளைத் தாண்டிவிட்டு ஒதுங்குகிறேன், அதுவரை எண்பதுதான். அண்ணனுக்குக் கோபம் வரும் என்றார். வரட்டும் என்றேன்.

அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்ததும் ஸ்பீக்கர் போட்டதுபோல மாமாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது, அவளை ஒதுங்கச் சொல் என்று. என் கணவர் என்னைப் பார்த்தார். அதற்குள் மாமியார் பின்னாலிருந்து கையை நீட்டி அந்தப் போனைப் பிடுங்கினார்.

"டேய், நான் குந்திக்கினு இருக்கறண்டா இந்த வண்டில. தள்ளி வா."

அவ்வளவுதான் சொன்னார். போனை மகனிடம் கொடுத்துவிட்டார். கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டி கொஞ்சம் சிறியதானது. நடுவில் ஒரு வண்டி நீளம்தான் இருக்கும், ஆனால் விளக்கு நின்றது. லாரிகளைத் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, இடதுபக்கம் வந்தேன். அவர் எங்களைக் கடந்து போனபோது வண்டி அதிர்ந்தது. முன்சீட்டில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். கையில் காபி. பொதுவாகக் குரல் உயர்த்தாதவர், அன்று உயர்த்தினார். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரோட்டை மறித்துக்கொண்டு போனால் பெரிய ஆளா, ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே, இத்தனை பேர் உன்னால் நிற்க வேண்டுமா என்றார். என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, உள்ளே வா என்றார். போயிருக்கலாம். அன்று போகவில்லை.

"மாமா, அந்த நேரத்துல ஒரு நாயோ மாடோ குறுக்க வந்து நான் பிரேக் அடிச்சிருந்தா, நீங்க வந்து மோதியிருப்பீங்க. அடி என் மேல விழுந்திருக்காது. பின்சீட்ல இருந்தது உங்க அம்மா" என்றேன்.

நான் கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மாமா அவருடைய அம்மாவைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்க்காமல், எனக்கு ஒரு காபி வாங்கிக்கொண்டு வா என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். மாமா அங்கேயே நின்றார். காபியைக் குடித்தாரா என்று தெரியவில்லை.

அவர் மாறிவிட்டாரா என்று என் தோழிகள் கேட்பதுண்டு. இல்லை. அவர் அப்படியேதான் ஓட்டுகிறார். என்னோடு பேசுவதில்லை, என் கணவரோடு பேசுகிறார். என் கணவர் இப்போது பக்கத்து சீட்டில் தூங்கக் கற்றுக்கொண்டார். அதை நான் ஒரு பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓரகத்திதான் சில வாரங்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்டபத்து வாசலில் அவள் புருஷனை நான் தலைகுனிய வைத்தேன் என்ற கோபம், அதில் நியாயமும் உண்டு. பிறகு ஒருநாள் காலை வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். வேறு ஆள் இருந்தும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"வண்டில ஏறினதும் போனைப் பாக்க ஆரம்பிச்சிருவேன். ரோட்டப் பாத்தா உசுரு போவுது" என்றாள். பிறகு, "நீ எறங்கிட்ட. நான் எங்க எறங்கறது?" என்றாள்.

ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னேன். என் வண்டியில் பின்சீட்டில் இன்னொரு இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றாள். இன்னும் வரவில்லை. அடுத்த விசேஷம் வரட்டும், மறுபடி கேட்பேன். அவர்கள் வீட்டுக்கு முன்னால், மாமா காதில் விழும்படியே கேட்பேன்.

போன சனிக்கிழமை அம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் மழை. வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு, வேகத்தை மட்டும் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தன. நான் அறுபதுக்கு இறங்கினேன். எவனோ ஒருவன் பின்னால் வந்து ஒட்டினான். விளக்கைப் போட்டான், அணைத்தான், ஹாரன் அடித்தான். வலது லேன் முழுக்க அவனுக்குக் காலியாக இருந்தது, அதில் போகாமல் என்னைத்தான் துரத்திக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை, மழையில் இரண்டு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, வைப்பரை வேகமாக வைத்து, முன்னால் போகிற வண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, அறுபதிலேயே போனேன்.